பதிமூன்று ஏழைகள் தேவை

புனிதர்களிடம் கேட்பது சுலபம். முழங்கால் போட்டால் போதும். கேட்டதை அவர்கள் கொடுத்த பிறகுதான் வீட்டில் கஷ்டம் ஆரம்பிக்கிறது. இதை எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டேன். அயர்ன் மாஸ்டர். காலையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் விடுவேன். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை. (பேசினால் துணி தீயும்.) அதனால் எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை.

என் புனிதர் சூசையப்பர். வேதாகமத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்கள். அன்றைக்கே அவரைப் பிடித்துப்போனது. நான் அவரிடம் எதுவும் கேட்க மாட்டேன். அவரும் எதுவும் சொல்ல மாட்டார். இத்தனை வருசத்தில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் கிடையாது.

என் மாமியார் ரோஸம்மாளுக்கு அந்தோனியார். அவர் பெரிய பிரசங்கி. செத்த பிறகும் அவர் நாக்கு மட்டும் அழியவில்லை என்பார்கள். அத்தை விசயத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு.

அத்தை குடும்பத்துக்குச் சாத்தான்குளம் பக்கம். பிழைக்க வந்து முதலிபாளையத்தில் தங்கிவிட்டார்கள். நான் திருப்பூர்க்காரன். அவர் மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். கல்யாணமாகி ஏழு வருசம் குழந்தை இல்லை. கம்பெனியில் கேட்டார்கள். கோயிலில் கேட்டார்கள். முடி வெட்டுகிறவர்கூடக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஜெசிந்தா அழுவாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சூசையப்பரை நினைத்தேன். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

பிரசவத்துக்குப் பிறகு தாயும் பிள்ளையும் முதலிபாளையத்தில் இருந்தார்கள். நான் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருப்பேன். பால் குடிக்கிற நேரம் என்று வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வந்துவிடுவேன். ஒரு ஞாயிறு, "எப்பங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டேன்.

"நேர்ச்சையத் தீத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க மாப்ளே" என்றார் அத்தை.

"என்ன நேர்ச்சைங்க?"

"புள்ள பொறந்தா, அது ஒங்க வீட்டு வாசப்படிய மிதிக்கதுக்கு முன்னால, பதிமூணு ஏழைகள அங்கன உக்கார வச்சு இல போட்டுச் சோறு போடுதேன்னு அந்தோனியாருக்கு நேந்துருக்கேன்லா. செவ்வாக்கெழம போடணும்."

"எங்க ஊட்டுலயா? யாரக் கேட்டு நேந்தீங்க?"

"அந்தோனியாரக் கேட்டுத்தான்."

இதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

ஜெசிந்தா இன்னொன்றையும் சொன்னாள். வருகிற செவ்வாயை விட்டால் மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் பிறந்துவிடும். தவக்காலத்தில் விருந்து வைக்கக் கூடாது என்பது அவள் அம்மா சட்டம். அப்படியானால் ஈஸ்டர் கழித்துத்தான் பிள்ளை வீட்டுக்கு வரும்.

நான் யோசித்தேன். ஊர் பூராவும் கம்பெனி. கம்பெனிக் கதவுக்குக் கதவு 'டெய்லர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை' என்று போர்டு. இந்த ஊரில் டெய்லர் கிடைப்பதுதான் கஷ்டம். ஏழை கிடைக்காமலா போவார்கள் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அத்தை ஒரு பெரிய அண்டாவைப் பஸ்ஸில் தூக்கி வந்திருந்தார். (அனுப்பர்பாளையத்தில் தெருவுக்குத் தெரு பாத்திரம்தான் செய்கிறார்கள். அந்த ஊருக்கே அண்டா கொண்டுவந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.) வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தார். ஜெசிந்தா பிள்ளையோடு எதிர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர் வீடு எங்கள் வீட்டுக்கார ராஜாமணியக்கா வீடு. (எங்கள் வீட்டுக்குள் போகாமல் வேறு வீட்டுக்குள் பிள்ளை போகக் கூடாது என்பதும் அத்தை சட்டம்.) நடுவில் சின்னத் தெரு. என் பிள்ளையை நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

"பாத்துட்டே நின்னா ஆச்சா? ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றார் அத்தை. "ஒண்ணும் சாப்பிடாண்டாம். ஏழைகள் சாப்பிட்ட பொறவுதான் நாம சாப்பிடணும்."

வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்தேன்.

முதலில் கோயில் வாசல். அங்கே மூன்று சக்கர வண்டியில் ஒருவர் எப்போதும் இருப்பார். மற்றவர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

"இன்னைக்கு முடியாதுங்களே" என்றார். "ரெண்டு ஊட்டுக்கு ஒத்துக்கிட்டமுங்க. வியாழக்கெழம வெச்சுக்கலாமுங்களா?"

"அந்தோனியாருக்குச் செவ்வாய்தானுங்க."

"அதத்தானுங்க சொல்றன். எல்லாருத்துக்கும் செவ்வாய்தான். அதுலயும் நாளைக்கு விபூதி. பாக்கி வெச்சவங்கெல்லாம் இன்னைக்குத்தான் தீக்கறாங்க. நீங்க போன வாரமே சொல்லியிருக்கோணுமுங்க."

"பன்னெண்டு மணிக்குள்ள ஒரு நடை வந்துட்டுப் போனீங்கன்னா..."

அவர் கொஞ்சம் இரக்கப்பட்டார். "என்னங்க சமையலு?"

"சாம்பாருங்க. பொரியல். பாயாசம்."

"நாளையிலிருந்து உங்காளுக யாரும் கறி போட மாட்டாங்க. இன்னைக்குப் போயி சாம்பாருங்கறீங்க." அவர் வண்டியைத் திருப்பினார். "அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

ஏழைகளுக்கு முன்பதிவு உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து வேஸ்ட் குடோன். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரிக்கிற இடம். பத்திருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் பஞ்சு. இது சரியான இடம் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் நின்று கேட்டேன்.

"அக்கா, இங்க யாராச்சும் ஏழைங்க இருக்கறீங்களா?"

(இப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.)

எல்லாக் கையும் நின்றது. மூத்த அக்கா ஒருவர் நிமிர்ந்தார்.

"என்னங்க கேட்டீங்க?"

"ஏழைங்க. சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்க. பதிமூணு பேரு வேணுமுங்க."

"ஏனுங்க, எங்களப் பாத்தா அப்படித் தெரியுதுங்களா?"

"இல்லீங்க... துணியெல்லாம்..."

"துணிக்கென்னங்க? வேஸ்ட்டுல வேலை செய்யறவ பட்டுச்சீலையா கட்டிட்டு வருவா? எம்பையன் பாலிடெக்னிக் படிக்கறானுங்க. போன மாசந்தான் கிரைண்டர் எடுத்தன். ஏழையாமா, ஏழை!"

பக்கத்தில் இருந்த பெண் துணியை உதறினாள். "உடுங்கக்கா. சைக்கிள்ல சீட்டு கிழிஞ்சு கெடக்குது. இவரு வந்து நம்மள விசாரிக்கறாரு."

ஒரே சிரிப்பு. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். உடனே ஏறி உட்கார மனசில்லை. சீட்டு நிஜமாகவே கிழிந்திருந்தது.

இன்னும் நாலைந்து இடம் போனேன். டீக்கடையில் ஒருவர் அடிக்க வந்தார். அதை விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது சோறு வடித்தாயிற்று. இலைகள் கழுவித் தயாராக இருந்தன.

"எத்தன பேரு?" என்றார் அத்தை.

"ஒருத்தருமில்லீங்க."

"திருப்பூருல ஒரு ஏழகூடவா இல்ல?"

"இருக்கறாங்க. ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

எதிர் வாசலில் இருந்து ராஜாமணியக்கா குரல் கொடுத்தார். "ஏனுங்கம்மா, உங்க சாமி பதிமூணுன்னா பதிமூணேதானுங்களா? கொறைச்சுப் பேச முடியாதுங்களா?"

"முடியாதும்மா."

"அப்ப நானொருத்தி வந்து உக்காரட்டுங்களா?"

"வாடக வாங்குத ஆளு எப்படிம்மா ஏழையாவ?" என்றார் அத்தை. ராஜாமணியக்கா அதை மறுக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. மின்வெட்டு மும்முரமாக இருந்த காலம் அது. எங்கள் தெருக் கோடியில் ஒரு தையல் ஷெட் உண்டு. ஜெனரேட்டர் இல்லாத ஷெட். கரண்ட் போனால் மிஷின் சத்தம் நிற்கும். எல்லோரும் வெளியே வந்து நிழலில் உட்காருவார்கள். அத்தனை பேரும் பீஸ் ரேட். தைத்தால்தான் கூலி. உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை.

ஓடினேன். ஷெட் காண்ட்ராக்டர் சின்னச்சாமி எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டேன்.

"ஏழையெல்லாம் இல்லீங்க மாஸ்டர். டெய்லருங்கதான் இருக்கறாங்க. ஆகுங்களா?"

"ஆகுமுங்க."

"அப்பக் கரண்ட் வர்ற வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

எண்ணிப் பதிமூன்று பேரைக் கூட்டி வந்தேன். அத்தை வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் முகம் சரியில்லை. ஒரு பெண் கொலுசு போட்டிருந்தாள். ஒருவர் சட்டைப் பையில் செல்போன். கடைசியாக முன்னா என்ற பீகார்க்காரன். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், கண்ணில் கூலிங் கிளாஸ்.

"ஏலே, நீ ஏழையா?" என்றார் அத்தை.

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை ஏழைக்குத்தான். அதைச் சொன்னேன். "கரீப்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கரீப் நஹி! ஓவர்லாக் டெய்லர்!"

"என்னவாம்?" என்றார் அத்தை.

"ரொம்ப ஏழைங்கறானுங்க" என்றேன்.

அத்தை பெருமூச்சு விட்டார். உட்காரச் சொன்னார். பதிமூன்று இலை விழுந்தது. ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினார். இலையில் உப்பு, பொரியல், அப்பளம். சோற்றுக்கு முன்னால் ஜெபம் என்றார். சரி, ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறைந்த மந்திரம், ஒரு நிமிசம் என்று நான் நினைத்தேன். அவர் அந்தோனியார் மன்றாட்டு மாலையை எடுத்தார். முழு மாலை. ஒவ்வொரு வரிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். வந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. நான் ஒருத்தனே சொல்லிக்கொண்டிருந்தேன். வருசத்துக்குப் பேசுகிற பேச்சை அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

"அத்தை, சோறு ஆறுதுங்க" என்றேன் ஒரு இடைவெளியில்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மாலை போய்க்கொண்டே இருந்தது. பசித்தவர்கள் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பளம் அவர்களைப் பார்த்தது.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது.

பதிமூன்று தலையும் ஒன்றாக நிமிர்ந்தது. கரண்ட் வந்துவிட்டது. அடுத்த நொடி அத்தனை பேரும் எழுந்தார்கள். "வர்றமுங்க", "வர்றோம்ணா", "மன்னிச்சுக்கோங்கம்மா". தெருவில் செருப்புச் சத்தம். முன்னா மட்டும் போகிற போக்கில் ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டான். கோடியில் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன.

அத்தை கண்ணைத் திறந்தார். எதிரே பதிமூன்று இலை. நடுவில் நான்.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெசிந்தா கேட்டாள். "ஏங்க, அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெபத்தக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமுங்க அத்தை" என்றேன். அவரை நான் எதிர்த்துச் சொன்னது அதுதான் முதல்முறை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏழு வருசம் கேட்டேன் மாப்ளே. கேக்கும்போது ஒரு வரி விடாமச் சொன்னேன். வாங்கின பொறவு மட்டும் சுருக்கவா?"

அந்த ஏழு வருசமும் நான் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவர்தான் கேட்டிருக்கிறார்.

எதிரில் பிள்ளை அழ ஆரம்பித்தது. வெயில் நாற்காலிக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா துணிப்பையை எடுத்து மடியில் வைத்தாள். மத்தியான பஸ்ஸுக்குப் போகத்தான் என்று எனக்குப் புரிந்தது. போனால் ஈஸ்டர்.

மறுபடி ஷெட்டுக்குப் போனேன். சின்னச்சாமி, "மத்தியானச் சாப்பாட்டுக்கு உடுவனுங்க. அரை மணி நேரம். வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றார். வாசலில் நின்றேன். மணி அடித்தது. டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் ஒதுங்கினார்கள். ஏழை என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை.

"எம்புள்ள வெயில்ல உக்காந்திருக்குதுங்க" என்றேன். "நீங்க வந்து சாப்பிட்டாத்தான் ஊட்டுக்குள்ள வரும்."

கொலுசு போட்ட பெண் என்னை முறைத்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்கண்ணா? ஏழை, கீழைன்னுட்டு!"

அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். அத்தை எண்ணினார். பன்னிரண்டு.

முன்னா இல்லை. அவன் மிஷினில் ஊசி உடைந்து அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறான் என்றார்கள். நான் கூப்பிட ஓடப் பார்த்தேன்.

"நீங்க போயி வர்றதுக்குள்ள எங்களுக்கு மணி அடிச்சுருமுங்க" என்றாள் கொலுசுக்காரி.

"பதிமூணு ஆவாம சோறு வைக்க முடியாது" என்றார் அத்தை.

அத்தை அந்தக் காலி இலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து சைக்கிள் மிதித்து நனைந்த பனியன். கிரீஸ் அப்பிய லுங்கி. ஒருபக்கம் வார் அறுந்த செருப்பு. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. வாசலில் டெய்லர்களைப் பார்த்தாரே, அதே பார்வை. ஆனால் இந்த முறை அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"மாப்ளே, காலையில என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்கதான் வேண்டாம்னீங்க."

"அப்ப உக்காருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஏழைங்களா? அயர்ன் மாஸ்டருங்க நானு! சூப்பர்வைசரே என்னைய மாஸ்டருன்னுதானுங்க கூப்படறாரு!"

வேஸ்ட் குடோன் அக்கா அப்போது அங்கே இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெசிந்தா எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தெருவில் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டாள்.

"ஏங்க! ஒங்க கௌரவத்த அப்புறம் பாத்துக்கிடலாம். உக்காந்து தின்னுங்க! புள்ள காயுது!"

ராஜாமணியக்காவும் சேர்ந்துகொண்டார். "உக்காருங்க தம்பி! போன மாச வாடகைக்கு நீங்க சொன்ன சாக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்களா? தாராளமா உக்காரலாம்!"

உட்கார்ந்தேன்.

அத்தை என் கையில் தண்ணீர் ஊற்றினார். கண்ணை மூடினார். பன்னிரண்டு டெய்லர்களும் ஃபேனைப் பார்த்தார்கள். "அந்தோனியாரே, நன்றி. ஆமென்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்ன ஜெபம் அதுதான். உடனே சோறு விழுந்தது.

கோபத்தோடுதான் சாப்பிட்டேன். ஆனால் நிறையச் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது. மற்றவர்கள் கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் இரண்டாம் முறை பாயாசம் வாங்கினேன். "பாத்தியா, எம்புட்டுப் பசி!" என்று அத்தை அந்தோனியார் படத்தைப் பார்த்துச் சொன்னார். சாட்சி காட்டுகிறாராம்.

ஜெசிந்தா பிள்ளையோடு தெருவைக் கடந்து வாசப்படி ஏறினாள். நான் எச்சில் கையோடு எழுந்து நின்றேன். பிள்ளையைத் தூக்க முடியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழுகையை நிறுத்திவிட்டு ஃபேனைப் பார்த்தது.

மகளுக்கு அந்தோனியம்மாள் என்று பெயர். (அதுவும் நேர்ச்சைதான். அதை ஞானஸ்நானத்தன்று சொன்னார்கள்.) இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அத்தை அந்தச் சாப்பாட்டை வருசா வருசம் வைக்கிற வழக்கமாக்கிவிட்டார். விபூதிக்கு முந்தின செவ்வாய், எங்கள் வீட்டில்தான். போன ஞாயிறுகூடப் போன் வந்தது. ஆள் பார்க்க எப்போது கிளம்பட்டும் என்று கேட்டேன். மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். வீடே கேட்டது.

"பன்னெண்டு பேரு பாத்தாப் போதும் மாப்ளே. ஒரு ஏழ வீட்டுலயே இருக்கு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. செவ்வாய்க்கிழமை கை கழுவிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.